ஒருவரிடம் மட்டும் ஒரு கேள்வி

"நடக்க முடியாதவங்க ஓடணும்னா என்னம்மா செய்வாங்க?"

கெசியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், தள்ளுவதற்கு ஆள் வராத சக்கர நாற்காலியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு கேட்டாள். நாற்காலியில் இருந்தது அவளுடைய அம்மா ரூபி. இளம் வயதிலேயே வந்த முடக்குவாதம் ரூபியின் முட்டுகளையும் கணுக்கால்களையும் பூட்டிவிட்டிருந்தது. அவர்கள் வந்த விமானம் தாமதம். அடுத்ததைப் பிடிக்க எல்லோரும் ஓடினார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களும் உண்டு.

"கர்த்தர் பார்த்துக்கிடுவாரு மக்களே." நாகர்கோவில் வழக்கில் ரூபி மகளை அப்படித்தான் அழைப்பாள்.

"எப்பிடிப் பார்ப்பாரு? பைலட்டுக்குப் போன் போடுவாரா?"

ரூபி சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. விமானம் அவர்களை விட்டுவிட்டுப் போனது. அன்று முழுவதும் நிலையத்துக் கம்பள விரிப்பில் பிஸ்கட் தின்றுகொண்டு, தாண்டிப் போகிற கால்களையே கெசியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை காற்றோடு போய்விடுகின்றன. சில மட்டும் கேட்டவரோடு சேர்ந்து வளர்கின்றன.

கெசியா வளர்ந்து, படித்து, கனடாவில் கடலோரமாக உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் தன்னோடு வைத்துக்கொண்டபோது உலகத்து விமானங்கள் எல்லாம் ஒரே ஒழுங்குக்குள் வந்துவிட்டிருந்தன. எது எப்போது கிளம்ப வேண்டும், எது எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. 'ஒழுங்கி' என்ற இயந்திர மூளை தீர்மானித்தது. சக்கர நாற்காலிகள் தாமாகவே ஓடக் கற்றிருந்தன. ஆனாலும் நாற்காலியில் வருகிறவர்கள் அடுத்த விமானத்தைத் தவறவிடுவது மட்டும் நிற்கவில்லை. விமானத்திலிருந்து கடைசியாக இறக்கப்படுகிறவர்கள் அவர்கள்தான். மின்தூக்கிக்காகக் காத்திருக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஒரு நாற்காலியையும் ஒரு விமானம் நிறைய ஆட்களையும் தராசில் வைத்தால், ஒழுங்கி எப்போதும் விமானத்தின் பக்கமே சாய்ந்தது.

கெசியாவின் வேலை அந்தத் தராசோடுதான்.

"அது தப்பாக் கணக்குப் போடலம்மா" என்றாள் ஒருநாள், சமையலறையில் ரூபிக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே. "ஆனா மொத்தமாப் போடுது. பிளேன் கொஞ்சம் காத்திருந்தா எல்லாருக்கும் நஷ்டம்னு சொல்லுது. நான் பிரிச்சுப் பார்த்தேன். போற வழியிலயே வேகம் கூட்டி தாமதத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டிரலாம். கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒண்ணுமே ஆகாது. யாராவது ஒருத்தருக்குத்தான், அவர் பிடிக்க வேண்டிய அடுத்த பிளேன் தவறிப்போகும். நஷ்டம் முழுசும் அந்த ஒருத்தருக்கு."

"அப்ப அந்த ஒருத்தர்ட்ட கேட்டுர வேண்டியதுதானே பிள்ள?"

கெசியா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "அதைத்தாம்மா கட்டியிருக்கோம்."

அதற்கு அலுவலகத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. வேலை செய்கிறவர்கள் 'கேள்வி' என்றார்கள். வருகிறவருக்காகக் காத்திருந்தால் உண்மையில் யார் இழப்பாரோ அவருடைய இருக்கைத் திரையில் மட்டும் அது தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சரி என்றால் விமானம் நிற்கும். இல்லை என்றால் கிளம்பிவிடும். பதில் சொன்னவர் யார் என்பது அந்த நொடியிலேயே அழிந்துவிடும்.

"பிளேனைத் தவறவிட்டவருக்கு ஓட்டலும் வேற டிக்கெட்டும் கம்பெனி குடுத்துரும்" என்றாள் கெசியா. "போன நாளை யாரு குடுப்பா? அதனாலதான் கேக்கணும். எடுத்துக்கக் கூடாது."

"எத்தனை பேரு சரிங்காங்க?"

"அதை நாங்க பார்க்கறதே இல்ல. பார்த்தா கூட்டணும்னு தோணும். கூட்டணும்னா கெஞ்சணும், இல்ல மிரட்டணும். அப்புறம் அது கேள்வியா இருக்காது."

தமிழில் எப்படிக் கேட்பது என்று அம்மாவிடம்தான் எழுதிக் காட்டினாள். 'தாமதமான ஒரு பயணி' என்று தொடங்கியிருந்தது. ரூபிக்கு அது பிடிக்கவில்லை.

"தாமதமானவருன்னு போடாத மக்களே. எங்கயோ உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருந்தவன் மாதிரி இருக்கு. வந்துட்டு இருக்காருன்னு போடு. நாங்க வந்துட்டுதான இருக்கோம்?"

அப்படியே மாற்றப்பட்டது.

அந்த ஆண்டில்தான் நாகர்கோவிலிலிருந்து ரூபியின் தம்பி சாம்சனுக்கு இதய வால்வில் கோளாறு என்று செய்தி வந்தது. அறுவை செய்யவேண்டிய மருத்துவர் வெளியூர்க்காரர். எப்போதாவது ஒரு நாள்தான் வருவார். அவர் வந்த இரண்டு தடவையும் சாம்சன் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். அதட்டவும் ஆளில்லை. மூன்றாவது தடவையும் விட்டால் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

"பேரு மட்டும் பலசாலி சாம்சன்" என்றாள் ரூபி போனில். "ஊசியைக் கண்டா ஓட்டம். வெக்கமா இல்லியாடே?"

"நீ பேசுவ. நெஞ்சைப் பொளக்கப் போறது ஒன்னையா என்னையா? யக்கா, நீ வந்து பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணு, நான் உள்ள போறேன். போன்ல ஜெபம் பண்ணுறதெல்லாம் வேண்டாம். எனக்கு நம்பிக்கை இல்ல."

"கர்த்தர்மேலயா, போன்மேலயா?"

"போன்மேலதான். கர்த்தரை எதுக்கு இழுக்க?"

ரூபி கிளம்பினாள். லண்டன், பிறகு அதே வளைகுடா நிலையம், பிறகு திருவனந்தபுரம். அங்கிருந்து காரில் நாகர்கோவில். அறுவைக்கு முந்திய நாளே போய்ச் சேருவது போலத்தான் கெசியா எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் பாலைவனத்தில் புழுதிக் காற்று எழுந்து விமானம் இறங்க வழியில்லாமல் வானத்திலேயே சுற்றியது. இறங்கியபோது விடிந்து வெயில் ஏறிவிட்டிருந்தது. திருவனந்தபுரம் விமானம் கிளம்பத் தயாராக நின்றது. இதை விட்டால் மறுநாள்தான். மறுநாள் அவள் போய்ச் சேருமுன் மருத்துவர் போய்விடுவார்.

எல்லோரும் இறங்கிய பிறகு நாற்காலி வந்தது. கூடவே, தூக்கி உட்கார வைக்க ஒரு மனிதரும் வந்தார். சட்டையில் தயாபரன் என்று பெயர். ரூபி தமிழில் பெருமூச்சு விட்டதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா தமிழோ? நான் மட்டக்களப்பு. பயப்பிடாதேங்கோ, கெட்டியாப் பிடியுங்கோ."

நாற்காலி ஓடியது. தயாபரன் கூடவே ஓடினார். அகலமான கூடங்கள், நகரும் பாதைகள், வாசனைத் திரவியக் கடைகள் எல்லாம் பின்னால் போயின. மின்தூக்கி வாசலில் நாற்காலி நின்றது. மின்தூக்கி எங்கோ மேலே இருந்தது.

தயாபரன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு. "ஆரோ ஒராளிட்டக் கேட்டிருக்கு, அம்மா. பதில் இன்னும் வரேல்ல. பச்சை வந்தா பிளேன் நிக்கும். சிவப்பு வந்தா…"

"சிவப்புதான் அடிக்கடி வருமோ?"

"அப்பிடிச் சொல்லேலாது. மழை மாதிரி. சில நாளைக்குப் பெய்யும், சில நாளைக்குப் பெய்யாது. ஆக்களைக் குறை சொல்லேலாது அம்மா. அவைக்கு என்ன அவசரமோ."

ரூபி கண்களை மூடினாள். சரி என்று சொல்ல வை என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். கேட்க முடியவில்லை. யாரென்று தெரியாத ஒருவரிடமிருந்து எதையோ பிடுங்கித் தரச் சொல்வது போல இருந்தது. 'ஆண்டவரே, அந்த ஆளுக்கு என்ன போகப்போகுதோ, அது அவருக்கு ரொம்ப வலிக்காம இருக்கட்டும்' என்று மட்டும் வேண்டினாள்.

மின்தூக்கி திறந்தது. விளக்கு பச்சையானது.

"பெய்ஞ்சிட்டுது!" என்றார் தயாபரன், தனக்கே கிடைத்தது போல.

விமானத்துக்குள், இருக்கைகளுக்கு நடுவே போகக்கூடிய ஒடுக்கமான நாற்காலிக்கு அவளை மாற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வரிசையிலும் முகங்கள் நிமிர்ந்தன. சிலவற்றில் எரிச்சல், சிலவற்றில் வெறும் வேடிக்கை. ரூபி ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனாள். இவரா? இந்தப் பெண்ணா? நீலச் சால்வையை முகம்வரை இழுத்து மூடி, ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர எல்லோரையும் பார்த்துவிட்டாள்.

ரூபிக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் முதல் ஆளாகக் கையைத் தூக்குவாள். கிடைத்த நன்மையைச் சபையார் முன் சொல்லாமல் வைத்திருப்பது திருட்டு என்று வளர்ந்தவள். கேஸ் சிலிண்டர் சரியான நாளில் வந்ததற்கே ஒருமுறை சாட்சி சொல்லியிருக்கிறாள். சாம்சன் அதை இன்றுவரை விடுவதில்லை. விமானம் நகரத் தொடங்குமுன் அவள் குரலை உயர்த்தினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் தம்பிக்கு நாளைக்கு ஆப்பரேஷன். எனக்காக யாரோ ஒருத்தர் பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க. யாருன்னு சொன்னா, நான் சாகுற வரைக்கும் பேரைச் சொல்லி ஜெபிப்பேன்."

தலைகள் திரும்பின. பிறகு முன்வரிசையில் மீசை வைத்த ஒருவர் பாதி எழுந்து திரும்பினார்.

"பரவால்லம்மா. மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"நீங்களா அண்ணாச்சி? நீங்க எந்த ஊருக்குப் போகணும்?"

"நானா? திருவனந்தபுரந்தாம்மா. வீடு ஏர்போர்ட்டுக்குப் பின்னாடி."

வீடு அங்கேயே இருப்பவர் எதை இழந்தார் என்று ரூபிக்குக் கேட்கத் தோன்றவில்லை. பையிலிருந்த அச்சு முறுக்கு முழுவதையும் அவருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் நன்றாக ருசித்துத் தின்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொடுத்தார். அந்த அளவுக்கு அவர் நல்லவர்தான்.

திருவனந்தபுரத்தில் எல்லோரும் போன பிறகு அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியில் மாலத்தீவு விமானத்துக்கான மேசையில் நீலச் சால்வைக்காரர் நின்றிருந்தார். கையில் வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டி. அதன்மேல் பலூன் படம் ஒட்டியிருந்தது. "இன்று இனி இல்லை, நாளைதான்" என்று மேசைப் பெண் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. அவர் தலையாட்டிவிட்டு பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

பாவம், யாரோ குழந்தைக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் விமானத்தையும் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள் ரூபி. அவருக்காகவும் மனத்துக்குள் ஒரு வரி வேண்டினாள்.

மறுநாள் காலை சாம்சனின் கட்டிலருகே அவள் நாற்காலி நின்றது. அவன் அவளுடைய கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

"யக்கா, சுருக்கமா ஜெபம் பண்ணு. நீ நீட்டி முழக்கினா டாக்டரு அடுத்த மாசந்தான் வருவாரு."

சுருக்கமாகவே ஜெபித்தாள். அவன் உள்ளே போனான். நல்லபடியாக வெளியே வந்தான்.

அன்று போனில் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னபோது கெசியா பதறினாள்.

"பிளேன்ல எழுந்து நின்னா சொன்ன?"

"எந்திச்சு நிக்க முடியாதுல்லா. உக்காந்துதான் சொன்னேன்."

"அம்மா! அவங்க முகம் தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவும் செஞ்சோம். நன்றி வாங்கறவங்க முகம் தெரிஞ்சா, இல்லைன்னு சொன்னவங்க முகமும் தெரிஞ்சுரும். அப்புறம் யாரும் மனசோட சொல்ல மாட்டாங்க. பயந்து சொல்லுவாங்க."

"அப்ப இந்தக் கடனை நான் எப்பிடித் தீர்க்க?"

"எனக்குத் தெரியலம்மா. அதை நாங்க யோசிக்கல" என்றாள்.

சாம்சன் தேறும்வரை ரூபி நாகர்கோவிலிலேயே தங்கிவிட்டாள். அதற்குள், கர்ப்பமாக இருந்த கெசியாவுக்கு வயிறு பெரிதாகிவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். தினமும் போன்.

"ஜெபின் பக்கத்துல இருப்பான்லா?" என்று ரூபி மருமகனைப் பற்றிக் கேட்டாள்.

"இருப்பான். ரத்தத்தைப் பார்த்தா விழுந்துருவான். அப்புறம் டாக்டர் எங்க ரெண்டு பேரையும் பார்க்கணும்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீ வந்துருவல்ல? எனக்குப் பயமா இருக்கும்மா. மாமாவைச் சொல்றேன், எனக்கும் அதே பயந்தான். நீ கையைப் பிடிச்சுக்கிட்டா போதும்."

"வந்துருவேன் மக்களே. நான் வராம யாரு வருவா?"

எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் கிளம்பினாள். ஆனாலும் கடைசி நேரத்தில் சாம்சனுக்குக் காய்ச்சல் கண்டு, போட்டிருந்த டிக்கெட்டை மாற்ற வேண்டியிருந்தது. புதிய பயணத்தில் லண்டனில் ஹாலிஃபாக்ஸ் விமானத்தைப் பிடிக்க இடைவெளி குறைவு. அந்த ஊருக்கு நாளுக்கு ஒரே விமானம். பிடித்துவிட்டால் கெசியாவை உள்ளே கொண்டுபோகும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

வளைகுடா நிலையத்தில் இந்தத் தடவை எந்தத் தொந்தரவும் இல்லை. முதல் ஆளாக ஏற்றி, ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்தார்கள். முட்டுகளின் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். வெளியே வெயிலில் சாமான் வண்டிகள் போய் வந்துகொண்டிருந்தன. பயணிகள் எல்லோரும் ஏறியாயிற்று. மேலே பெட்டிகள் வைக்கும் மூடிகளைச் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

அப்போது அவள் முன்னால் இருந்த திரை ஒளிர்ந்தது.

'ஒரு பயணி வந்துகொண்டிருக்கிறார். அவரால் விரைந்து வர முடியாது. விமானம் காத்திருந்தால் உங்களுடைய அடுத்த விமானம் மட்டும் தவறிப்போகும். மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. காத்திருக்கலாமா? உங்கள் பதிலை யாரும் அறியமாட்டார்கள்.'

முதல் வரியை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளே சொன்னது.

பக்கத்து இருக்கைக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பார்ப்பது போல முகம் சுட்டது. தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை தானாகக் கம்பளியை மேலே இழுத்தது. பாதி இழுத்த கை அப்படியே நின்றது.

நீலச் சால்வை.

அவர் தூங்கவில்லை.

வண்ணத்தாள் சுற்றிய பெட்டி நினைவுக்கு வந்தது. அவர் வீட்டிலும் ஒரு குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அப்பா வந்துருவேன் என்று அவரும் சொல்லியிருப்பார்.

'ஆனா இது என்னுது மட்டும் இல்லியே ஆண்டவரே' என்று ரூபி நினைத்தாள். 'பிள்ளைக்குப் பயமா இருக்குன்னு சொன்னாளே.' கெசியாவின் கை தன் கையைத் தேடுவது போல இருந்தது. அந்தப் பிறந்தநாளும் அவருடையது மட்டும் இல்லை. கொடுக்கும்போது நம்முடையதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் கொடுக்க முடிவதில்லை. நம்மைச் சேர்ந்தவர்களின் பங்கும் அதோடு கூடவே போய்விடுகிறது.

இல்லை என்று தொட்டாலும் குற்றமில்லை. மகள் அப்படித்தான் கட்டியிருந்தாள். யாரும் கேட்கமாட்டார்கள். கெசியாவுக்கும் தெரியாது. விமானம் இப்போதே கிளம்பும்.

எங்கோ ஒரு மின்தூக்கி வாசலில் ஒரு நாற்காலி நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் தயாபரனோ, அவரைப் போல ஒருவரோ, மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்காலியில் இருப்பவர் கண்களை மூடியிருக்கலாம்.

ரூபியின் விரல்கள் வளைந்தவை. திரையைத் தொட அவளுக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும். நடுவிரலின் முட்டியால் 'சரி' என்பதைத் தொட்டாள். எழுத்துக்கள் மறைந்தன. திரையில் வழக்கமான வரைபடம் வந்தது. அதில் ஒரு சின்ன விமானம் அசையாமல் நின்றது.

தாமதத்துக்கு வருந்துவதாக அறிவிப்பு வந்தது. பலர் சலித்துக்கொண்டார்கள். "எப்பவும் இதே ரோதனை" என்று பின்னால் யாரோ தமிழில் முனகினார். பிறகு ஒடுக்கமான நாற்காலியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. வயதான சீக்கியர் ஒருவர். தலைப்பாகை சரிந்திருந்தது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கைகளைக் கூப்பியபடி, வலமும் இடமுமாக ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தார். உதடுகள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. மொழி தெரியாவிட்டாலும் ரூபிக்குப் புரிந்தது.

முன்வரிசையில் ஒரு இளைஞன் கையை உயர்த்தி, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று ஆங்கிலத்தில் பெருந்தன்மையாகச் சொன்னான். பெரியவர் அவனை நோக்கி ஆழமாகக் குனிந்தார்.

ரூபிக்குச் சிரிப்பு வந்தது. சக்கரத்தின் சத்தம் அவளுடைய வரிசையை நெருங்கியது. கம்பளியை நெற்றிவரை இழுத்து மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, தூங்குகிறவளைப் போல மூச்சை ஒழுங்காக விட்டாள். சக்கரம் ஒரு கணம் தயங்கியது. பிறகு தாண்டிப் போனது.

கம்பளிக்குள் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. கண்கள் நனைந்திருந்தன. துடைக்கக் கையை எடுத்தால் கம்பளி அசையும் என்று அப்படியே விட்டுவிட்டாள். லண்டனில் இறங்கியதும் மகளிடம் சொல்ல வேண்டியதை, குரல் உடையாமல் வரும்வரை, உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"பிளேன் லேட்டு மக்களே."